மஞ்சள் கோட்டில்தான் வந்தது, பிறகு எப்படி இடித்தது?

2011 ஏப்ரல் 11, இரவு. நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையம். பாரிஸ் புறப்படவிருந்த ஏர் பிரான்ஸின் ஏ380, ஓடுபாதைக்கும் நிறுத்துமிடங்களுக்கும் இடையே விமானங்கள் நகரும் வழியான டாக்ஸிவேயில் போய்க்கொண்டிருந்தது. அந்த வழிக்கு அருகில், தரையிறங்கி வந்து நிறுத்துமிடத்துக்குள் இன்னும் நுழையாமல் ஒரு சிறிய சிஆர்ஜே-700 நின்றது. ஏ380-இன் இடது இறக்கை முனை அதன் வாலில் மோதியது. சிறிய விமானம் நின்ற இடத்திலேயே பொம்மைபோலச் சுழன்று திரும்பியதைக் காட்டும் காணொளியை உலகமே பார்த்தது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம், விமானி கோட்டை விட்டு விலகினாரா என்பதுதான். தரையில் நடக்கும் மோதல்களில் கணிசமானவற்றுக்கு விடை: இல்லை. முன்சக்கரம் டாக்ஸிவேயின் நடுவே வரைந்த மஞ்சள் கோட்டின் மேலேயே இருக்கும், வேகமும் அளவோடு இருக்கும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியும் கையில் இருக்கும். இருந்தும் இறக்கை எதன் மீதாவது மோதும். காரணம், அந்தக் கோடு தரும் பாதுகாப்புக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவை தரையில் எழுதப்பட்டிருப்பதில்லை.

கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, விமான நிலையங்களுக்கான விதிகளைச் சொல்லும் தனது 14-ஆம் இணைப்பில் விமானங்களை இறக்கை அகலத்தை வைத்து ஏ முதல் எஃப் வரை ஆறு பிரிவுகளாக வகுத்திருக்கிறது. 24 மீட்டர் முதல் 36 மீட்டருக்குள் இருப்பவை சி பிரிவு. ஏ320, போயிங் 737 எல்லாம் இதில் அடங்கும். 52 முதல் 65 மீட்டருக்குள் இருப்பவை இ பிரிவு: 777, 787, ஏ350, 747-400. 65 முதல் 80 மீட்டருக்குள் இருப்பவை எஃப் பிரிவு: ஏ380, 747-8. ஏ320நியோவின் இறக்கை அகலம் 35.8 மீட்டர், அதாவது சி பிரிவின் எல்லைக்கு 20 சென்டிமீட்டர் குறைவு. இது தற்செயல் அல்ல. எரிபொருளை மிச்சப்படுத்த முனையில் வளைதகடு சேர்த்தபோது, அந்த 36 மீட்டர் வேலியைத் தொடாமல் எவ்வளவு நீட்டலாமோ அவ்வளவு நீட்டினார்கள். விமான நிலையங்களின் பழைய நிறுத்துமிடங்களில் அதே விமானம் போய் நிற்க முடிய வேண்டுமே!

இந்தப் பிரிவுகளை வைத்துத்தான் கோட்டுக்கும் பக்கத்துச் சுவர், கம்பம், கட்டடம் ஆகியவற்றுக்கும் இடையிலான குறைந்தபட்ச தூரம் தீர்மானிக்கப்படுகிறது. 2018-இல் திருத்தப்பட்ட அளவுகளின்படி, டாக்ஸிவே மையக்கோட்டிலிருந்து எந்தப் பொருளும் சி பிரிவில் 26 மீட்டர், இ பிரிவில் 43.5 மீட்டர், எஃப் பிரிவில் 51 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நிறுத்துமிடங்களுக்கு நடுவே ஓடும் டாக்ஸிலேனில் வேகம் குறைவு என்பதால் இந்தத் தூரமும் குறைகிறது: 22.5, 40, 47.5 மீட்டர். நிறுத்துமிடத்துக்குள் போய்விட்டால் இன்னும் நெருக்கம். பக்கத்து விமானத்துக்கோ கட்டடத்துக்கோ இடையே சி பிரிவுக்கு 4.5 மீட்டர், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 7.5 மீட்டர் இருந்தால் போதும்.

இனி கழித்துப் பாருங்கள். 777-300இஆர் விமானத்தின் இறக்கை அகலம் 64.8 மீட்டர், பாதி 32.4. இ பிரிவு டாக்ஸிவேயில் அதன் முனைக்கு அப்பால் 11.1 மீட்டர் மிஞ்சுகிறது. டாக்ஸிலேனில் 7.6 மீட்டர். தாராளமான இடைவெளிதான். அதே இ பிரிவு டாக்ஸிலேனில் ஏ380 நுழைந்தால்? அதன் பாதி அகலம் ஏறக்குறைய 39.9 மீட்டர். 40-இல் 39.9 போனால் மிச்சம் ஒரு சாண்கூட இல்லை, 10 சென்டிமீட்டர். சி பிரிவு டாக்ஸிலேனில் 777 தவறுதலாக நுழைந்தாலோ, இறக்கை எல்லைக்கு வெளியே ஏறக்குறைய 10 மீட்டர் நீண்டிருக்கும். தரையில் உள்ள மஞ்சள் கோடு மட்டும் மூன்று இடங்களிலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதல் நிபந்தனை: இது உங்களுக்கான கோடா?

2013 டிசம்பர் 22 இரவு ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது இதற்குப் பாடநூல் உதாரணம். லண்டன் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747-400 விமானத்துக்கு டாக்ஸிவே பிராவோ (பி) வழியாகப் போகும்படி அனுமதி. பிராவோ ஓரிடத்தில் திரும்புகிறது; நேராகத் தொடர்வதுபோல் தெரிவது, குறுகலான வேறொரு டாக்ஸிவே, மைக் (எம்). விமானம் திரும்பாமல் நேரே போய்விட்டது. வலது இறக்கை பாதையோரத்துக் கட்டடத்துக்குள் வெட்டிக்கொண்டு போய் நின்றது. விமானத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கட்டடத்துக்குள் வேலையில் இருந்த நான்கு பேர் காயமடைந்தார்கள்.

இங்கே வழி தவறுவதன் இயல்பைக் கவனிக்க வேண்டும். சாலையில் வழி தவறினால் ஊர் மாறும், அவ்வளவுதான். விமானத்துக்கு வழி தவறுவது என்றால் அகலம் மாறுவது. டாக்ஸிவேயின் தார்ப்பரப்பு சி பிரிவிலும் இ பிரிவிலும் சில மீட்டர்களே வேறுபடும். இரவில், ஏழெட்டு மீட்டர் உயரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் உறைக்காது. சக்கரங்கள் தாராளமாக ஓடும். தார்ப்பரப்பு போதுமானதாக இருப்பதாலேயே இறக்கைக்கும் இடம் போதும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

அதனால் பெரிய விமானம் ஓட்டுபவர்கள் புறப்படும் முன் நிலைய வரைபடத்தில் தங்கள் வழியைப் பார்த்தால் மட்டும் போதாது. அந்த வழியில் எந்தச் சந்திப்பில் தவறாக நேரே போக வாய்ப்பு உண்டு, அப்படிப் போனால் அந்தக் கிளைக்கு என்ன அகல வரம்பு என்பதையும் பார்க்க வேண்டும். "பி, பிறகு ஏ" என்று எழுத்துகளை வாசிப்பது வழிகாட்டுதல் ஆகாது. "இரண்டாவது சந்திப்பில் பி வலப்பக்கம் வளையும், நேரே போவது எம், அங்கே நமக்கு இடமில்லை" என்று ஒருவர் சொல்லி மற்றவர் ஆமோதிப்பதுதான் வழிகாட்டுதல். சந்தேகம் வந்தால் நின்று கேட்பது. நிற்பதற்குச் செலவு சில லிட்டர் எரிபொருள்தான்.

சில சமயம் நல்ல வெளிச்சமும் அனுபவமும் உதவுவதில்லை. 2011 ஜூனில் பாரிஸ் லெ பூர்ஜே கண்காட்சியில், ஏர்பஸ் நிறுவனத்தின் சொந்த ஏ380 தரையில் நகரும்போதே ஒரு கட்டடத்தில் இறக்கை முனையை உரசிக்கொண்டது. அந்த விமானத்தை உருவாக்கியவர்களின் கையிலேயே நடந்தது என்பதைத் திறமைக் குறைவு என்று சொல்லி ஒதுக்க முடியாது.

முனையைப் பார்க்க முடியாத ஓட்டுநர்

லாரி ஓட்டுபவருக்குப் பக்கக் கண்ணாடி உண்டு. பெரும் விமானத்தின் விமானிக்கு அது கிடையாது. 2012-இல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை வெளிப்படையாக எழுதியது: 747, 757, 767, 777, ஏ380, எம்டி-11 போன்ற விமானங்களில் பக்க ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் தவிர இறக்கை முனை தெரியாது. முனை எங்கே போகிறது என்று காட்டும் கேமரா போன்ற கருவி புதிய பெரிய விமானங்களில் கட்டாயமாக வேண்டும் என்று அப்போது அது பரிந்துரைத்தது.

முனை கண்ணுக்குத் தெரியும் விமானங்களிலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. விமானியின் கண்ணுக்குச் சாய்வாகப் பின்னால், பல பத்து மீட்டர் தூரத்தில் முனை இருக்கிறது. அந்தத் தூரத்தில் இரு கண்களும் சேர்ந்து ஆழத்தை அளக்கும் திறன் மிகவும் மங்கிவிடும். இறக்கை முனையும் எதிரே நிற்கும் வாலும் ஒரே பார்வைக் கோட்டில் வரும்போது எது முன்னால், எது பின்னால் என்று சொல்வது கடினம். இரவில் இன்னும் மோசம். முனையில் ஒரு சிறு சிவப்பு அல்லது பச்சை விளக்கு, சுற்றிலும் நிறுத்துமிடக் கம்பங்களின் கூசும் வெளிச்சம், மழை பெய்தால் தரையில் அதன் பிரதிபலிப்பு. "கடந்துவிடலாம்போல இருக்கிறது" என்பது இந்நிலையில் வெறும் ஊகம்.

இதற்கு மேல் வடிவியலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் முனை பொதுவாகப் பிரதான சக்கரங்களின் அச்சை விடப் பின்தங்கி இருக்கும். விமானம் திரும்பும்போது சுழல்மையம் அந்த அச்சின் நேர்கோட்டில்தான் அமைகிறது. ஆகவே வெளிப்புற முனை, நேராகப் போகும்போது தொட்ட எல்லையைத் தாண்டி வெளியே வீசும். உதாரணத்துக்கு, பாதி இறக்கை 32 மீட்டர், சுழல்மையம் விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து 20 மீட்டர், முனை அச்சுக்குப் பின்னால் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அச்சின் நேர்கோட்டிலேயே முனை இருந்தால் அது 52 மீட்டர் ஆரத்தில் சுழலும். 8 மீட்டர் பின்தங்கியிருப்பதால் 52.6 மீட்டர் ஆரத்தில் சுழல்கிறது. 60 சென்டிமீட்டர் கூடுதல். நேர்ப்பாதையில் அரை மீட்டர் இடைவெளியில் தப்பும் இறக்கை, திரும்பத் தொடங்கியதும் முட்டும். நிறுத்துமிடத்துக்குள் வளைந்து நுழையும்போது முனை உரசும் சம்பவங்கள் பலவற்றின் அடியில் இருப்பது இதுதான்.

நீளமான விமானங்களில் மற்றொரு சங்கடம். 777-300இஆர் விமானத்தின் முன்சக்கரத்துக்கும் பிரதான சக்கரங்களுக்கும் இடையே 31.2 மீட்டர். முன்சக்கரத்தை 50 மீட்டர் ஆர வளைவில் அப்படியே நீண்ட நேரம் நடத்தினால், பிரதான சக்கரங்கள் தோராயமாக 11 மீட்டர் உட்புறம் நகர்ந்துவிடும். வளைவுகளின் உட்புறத்தில் கூடுதலாகத் தளம் போட்டிருப்பது இதற்காகவே. விமானி அறை கோட்டின் மேல் இருந்தால் வெளிப்புறச் சக்கரத்துக்கும் தள ஓரத்துக்கும் பெரிய விமானங்களில் 4 மீட்டராவது மிஞ்ச வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. அந்தக் கூடுதல் தளம் இல்லாத பழைய வளைவுகளில் விமானி வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி முன்னே போய்ப் பிறகு திருப்புவார். சக்கரம் புல்லில் இறங்காது. ஆனால் விமானம் முழுவதுமே வெளிப்புறம் தள்ளிப்போகிறது. சக்கரத்தைக் காப்பாற்றிய உத்தி இறக்கையின் இடைவெளியைத் தின்றுவிடுகிறது.

இரண்டாவது நிபந்தனை: மற்றவர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறாரா?

கட்டடம் நகராது. நகர்வதும், பாதி நகர்ந்து நிற்பதும் பிற விமானங்கள். மேலே சொன்ன தூரங்கள் எல்லாம் ஒவ்வொரு விமானமும் தன் கோட்டில், தன் நிறுத்தப் புள்ளியில் இருக்கும் என்று நம்பிப் போடப்பட்டவை. வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு குலைந்துவிடுகிறது.

ஓடுபாதைக்கு முன் காத்திருக்கும் கோட்டை எடுத்துக்கொள்வோம். கருவிகளின் துணையோடு துல்லியமாகத் தரையிறங்கும் வசதி உள்ள பெரிய ஓடுபாதையில் அது ஓடுபாதை மையத்திலிருந்து 90 மீட்டரில் இருக்கும். ஓடுபாதைக்கு இணையாக ஓடும் இ பிரிவு டாக்ஸிவேயின் மையக்கோடு குறைந்தபட்சம் 172.5 மீட்டரில். இரண்டுக்கும் இடையே 82.5 மீட்டர். 36 மீட்டர் நீளமுள்ள ஒரு விமானம் மூக்கைக் காத்திருப்புக் கோட்டில் வைத்து நின்றால், அதன் வாலிலிருந்து டாக்ஸிவே மையக்கோட்டுக்கு 46 மீட்டருக்குச் சற்று அதிகம். பின்னால் போகும் 777-இன் இறக்கை 32.4 மீட்டர் எடுத்துக்கொண்டாலும் 14 மீட்டர் மிச்சம். அதே விமானம் கோட்டுக்கு 20 மீட்டர் முன்னதாகவே நின்றுவிட்டால் வால் 26 மீட்டரில் வந்துவிடுகிறது. இறக்கையும் வாலும் 6 மீட்டர் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. 74 மீட்டர் நீளமுள்ள 777-300இஆர் நிற்குமானால், கோட்டை மிகச் சரியாகத் தொட்டு நின்றாலும் வாலுக்கும் பின்பாதையின் மையத்துக்கும் ஏறக்குறைய 8.5 மீட்டர்தான். அதன் பின்னால் பயணிகள் ஜெட் எதுவும் கடக்கவே முடியாது.

முன்னதாக நிற்பவர் ஏன் நிற்கிறார்? அநேகமாக நல்ல எண்ணத்தில்தான். காத்திருப்புக் கோட்டைத் தாண்டுவது விமானத் துறையில் பெருங்குற்றம். அதைத் தாண்டிவிடக் கூடாது என்று பயிற்சியின் முதல் நாளிலிருந்தே மனதில் ஆணி அடித்திருக்கும். விமானத்தின் மூக்கு அடியில் பல மீட்டர் தரை மறைந்துபோகும் என்பதால் கோடு கண்ணிலிருந்து மறையும் முன்பே பிரேக்கை அழுத்துகிறார். முன்னே நிற்பவரின் எஞ்சின் வீச்சுக்கு இடம் விடுகிறார். நிறுத்துமிடத்தின் வாசலில் என்றால் கைச்சைகையால் வழிகாட்டும் மார்ஷலர் வராதது, வழிகாட்டும் திரை எரியாதது, உள்ளே ஒரு வண்டி நிற்பது என எத்தனையோ காரணங்கள். எல்லாமே சரியான முடிவுகள். ஆனால் தன் வால் எங்கே இருக்கிறது என்று அவராலும் பார்க்க முடியாது. ஒருவரின் எச்சரிக்கை பின்னால் வருபவருக்கு ஆபத்தாக முடிகிறது.

2018 மே 13 அன்று இஸ்தான்புல் அதாதுர்க் நிலையத்தில், ஏசியானா ஏ330 ஒன்றின் இறக்கை நின்றிருந்த டர்கிஷ் ஏர்லைன்ஸ் ஏ321-இன் செங்குத்து வாலைச் சாய்த்தது. 2024 செப்டம்பர் 10 அன்று அட்லாண்டாவில், டெல்டாவின் ஏ350 இறக்கை, குறுக்கு டாக்ஸிவேயில் ஓடுபாதைக்காகக் காத்திருந்த சிஆர்ஜே-900-இன் வாலை அப்படியே முறித்துப் போட்டது. 2025 பிப்ரவரி 5 அன்று சியாட்டிலில் ஜப்பான் ஏர்லைன்ஸ் 787-இன் இறக்கை, பனிநீக்கத்துக்காகக் காத்திருந்த 737-இன் வாலில் செருகிக்கொண்டது. நாடு, விமானம், காலநிலை எல்லாம் வேறு, காட்சி ஒன்றுதான். போகிறவரின் இறக்கை, நிற்பவரின் வால்.

அனுமதி கிடைத்துவிட்டது என்றால்?

கட்டுப்பாட்டாளர் "போகலாம்" என்று சொன்னதில் என்ன அடங்கியிருக்கிறது, என்ன அடங்கவில்லை என்பதில் பயணிகளுக்கு மட்டுமல்ல, துறைக்குள் இருப்பவர்களுக்கே சில வேளை குழப்பம் உண்டு. டாக்ஸி அனுமதி என்பது எந்த வழியாகப் போகலாம், எந்த ஓடுபாதையைக் கடக்கலாம் என்பதற்கானது. இறக்கை முனைக்கு இடைவெளி உண்டு என்ற உத்தரவாதம் அதில் கிடையாது. கோபுரம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். அங்கிருந்து 3 மீட்டர் இடைவெளியைக் கண்ணால் அளக்க எவராலும் இயலாது. தரை ரேடார் திரையில் விமானம் ஒரு புள்ளி அல்லது குறியீடு, அவ்வளவே. ஐகாவோவின் 2-ஆம் இணைப்பு இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது: மோதலைத் தவிர்க்கும் பொறுப்பிலிருந்து விமானத்தின் தலைமை விமானியை எந்த விதியும் விடுவிக்காது.

ஏப்ரன் எனப்படும் நிறுத்துமிடப் பரப்பு பல நிலையங்களில் கோபுரத்தின் கையிலேயே இருப்பதில்லை. அங்கே நிலைய நிர்வாகமோ விமான நிறுவனமோ நடத்தும் தனிக் கட்டுப்பாடு இருக்கும். ஒரு விமானம் இந்த இரு கைகளுக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கும்போது, தான் முழுதாக உள்ளே போகவில்லை என்ற செய்தி அடுத்த அலைவரிசைக்குப் போய்ச் சேர்கிறதா? பெரும்பாலும் யாரும் கேட்காததால் யாரும் சொல்வதில்லை. ஆகவே நடைமுறையில் மிகப் பயனுள்ள, ஒரு காசு செலவில்லாத வழக்கம் இது: நிறுத்துமிடத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தால், நின்ற உடனே "வால் டாக்ஸிவேயில் இருக்கிறது" என்று சொல்வது. போகிறவர் பக்கம் அதற்கு இணையானது: "பின்னால் கடக்க இடம் இருக்கிறதா என்று எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை, நிற்கிறோம்" என்று சொல்வது.

வேகமும் எடையும்

டாக்ஸி வேகம் பார்ப்பதற்கு ஊர்வதுபோல இருக்கும். நேர்ப்பாதையில் 30 நாட் (மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர்) வரை, திருப்பங்களில் 10 நாட் அளவு, நெருக்கமான இடத்தில் நடை வேகம் என்பது பொதுவான பழக்கம். 300 டன் எடையுள்ள விமானம் 10 நாட்டில், அதாவது விநாடிக்கு 5 மீட்டர் சொச்சத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 40 லட்சம் ஜூல். ஒன்றரை டன் கார் மணிக்கு 260 கிலோமீட்டரில் போவதற்குச் சமம். இறக்கை முனை ஒரு வாலை வெட்டுவது விமானத்தின் வேகத்தைப் பெரிதாகக் குறைப்பதுகூட இல்லை; உள்ளே இருப்பவர்கள் சில சமயம் உணர்வதே இல்லை.

நிற்பதற்கு ஆகும் தூரத்தையும் பார்த்துவிடலாம். விமானி சுதாரிக்க ஒன்றரை விநாடி, பிறகு பயணிகள் முன்னே விழாத அளவுக்குக் கொஞ்சம் அழுத்தமான பிரேக் என்று வைத்தால், 10 நாட்டில் 16-17 மீட்டர் வேண்டும். 20 நாட்டில் 50 மீட்டர். இரட்டிப்பு வேகத்துக்கு மூன்று மடங்கு தூரம். போதாக்குறைக்கு, உயரமான விமானி அறையிலிருந்து பார்த்தால் தரை மெதுவாக நகர்வதுபோல் தோன்றும். 747 ஓட்டுபவர்களுக்கு "கண்ணை நம்பாதே, திரையில் தரை வேகத்தைப் பார்" என்று சொல்லிக் கொடுப்பது அதனால்தான்.

பிரேக்கே இல்லாமல் போவதும் நடந்திருக்கிறது. 2005 மே 10 அன்று மினியாபோலிஸில் ஒரு டிசி-9, பிரேக்கையும் திசைதிருப்பலையும் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு வலப்பக்கத்தில் பழுதான நிலையில் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. தரையில் நகரும்போது இடது எஞ்சின் நிறுத்தப்பட்டது. மிச்சமிருந்த ஹைட்ராலிக் அழுத்தத்தைத் தந்துகொண்டிருந்ததே அந்த எஞ்சின்தான். திசைதிருப்பலும் பிரேக்கும் போய், புஷ்பேக்கில், அதாவது டிராக்டரால் பின்னோக்கித் தள்ளப்படும் நிலையில் இருந்த ஒரு ஏ319 மீது மோதியது. எரிபொருள் மிச்சத்துக்காக ஒற்றை எஞ்சினில் டாக்ஸி செய்வது இன்று சகஜம். எந்த எஞ்சின் எந்த பிரேக்குக்கு உயிர் கொடுக்கிறது என்பது அப்போது மனப்பாடமாக இருக்க வேண்டும். பழுதுடன் இறங்கிய விமானம் என்றால் நிறுத்துமிடம் வரை ஓட்டிப் போகும் ஆசையை விட்டுவிட்டு, டாக்ஸிவேயிலேயே நின்று இழுவை வண்டியைக் கேட்பது நல்லது.

பின்னோக்கித் தள்ளும்போதும், உள்ளே நுழையும்போதும்

புஷ்பேக்கில் பொறுப்பு டிராக்டர் ஓட்டுநரின் தோளில். அவர் உட்கார்ந்திருப்பது விமானத்தின் மூக்கடியில்; வாலும் இறக்கை முனைகளும் அவருக்குத் தெரியாது. எனவே முனைக்கு ஒருவராக விங் வாக்கர்கள் நடக்கிறார்கள். வலது கைக் குச்சி தலைக்கு மேல் நிமிர்ந்து, இடது கைக் குச்சி கீழ்நோக்கி உடலை ஒட்டி இருந்தால் "இந்தப் பக்கம் வழி உண்டு". இரு குச்சிகளும் தலைக்கு மேல் குறுக்காகச் சேர்ந்தால் "நில்". ஓட்டுநருக்கு விங் வாக்கர் கண்ணில் படவில்லை என்றால் அதுவும் "நில்" தான். இந்தக் கடைசி விதிதான் அவசரத்தில் முதலில் பலியாகிறது. ஆள் பற்றாக்குறையில் ஒரே ஒரு விங் வாக்கரோடு தள்ளுவது, அவரும் திருப்பத்தின் உட்புறத்தில் நிற்பது, விமானம் பாதி தூரம் போனதும் "வேலை முடிந்தது" என்று அவர் திரும்பிவிடுவது ஆகியவை திரும்பத் திரும்பக் காணப்படும் குறைகள். ஆபத்து அதிகம் வெளிப்புற முனையிலும் வாலிலும். அதுவும் தள்ளலின் பிற்பாதியில், வால் டாக்ஸிலேனுக்குள் வீசும்போது.

2018 ஜனவரி 5 அன்று டொரண்டோவில், பயணிகள் இல்லாமல் பின்னோக்கி நகர்த்தப்பட்ட ஒரு 737-இன் வால், நிறுத்துமிடத்துக்காகக் காத்திருந்த மற்றொரு 737-இன் இறக்கையில் மோதித் தீப்பிடித்தது. காத்திருந்த விமானத்தின் பயணிகள் சறுக்குகள் வழியே இறங்கினார்கள். வால்நுனியில்தான் துணை எஞ்சின் இருக்கிறது, அதற்கு எரிபொருள் குழாய் அங்கே வரை போகிறது என்பதை நினைத்தால், வாலில் படும் அடியை உரசல் என்று சொல்லத் தோன்றாது.

உள்ளே நுழையும்போது முன்னால் சுவரில் ஒளிரும் வழிகாட்டும் திரை மையக்கோட்டையும் நிற்க வேண்டிய தூரத்தையும் காட்டும். லேசர் கதிரால் அது அளப்பது விமானத்தின் முன்பகுதியை. இறக்கை முனைக்குக் கீழே யாரோ விட்டுப்போன படிக்கட்டு வண்டியை அது பார்க்காது. திரையில் தவறான விமான வகை தேர்வாகியிருந்தால் நிற்கும் இடமே மாறிவிடும், ஆகையால் திரையில் தெரியும் வகையைத் தன் விமானத்தோடு ஒப்பிட்ட பிறகே உள்ளே நுழைய வேண்டும். சிவப்புக் கோட்டுக்குள் வண்டி, டிராலி, கூம்பு எதுவும் இல்லை, ஏரோபிரிட்ஜின் சக்கரம் அதற்கான வட்டத்துக்குள் பின்வாங்கி நிற்கிறது என்பதைத் தரைப்பணியாளர் விமானம் வருவதற்கு முன்பே நடந்து பார்த்திருக்க வேண்டும். 737 போன்ற விமானத்தின் எஞ்சின் உறைக்கும் தரைக்கும் இடைவெளி அரை மீட்டர் அளவுதான். அங்கே ஒரு சாமான் டிராலியே தடுப்புச்சுவர்.

கேமராவும் நகரும் வரைபடமும்

777-300, ஏ380, ஏ340-600 ஆகியவற்றில் டாக்ஸி கேமராக்கள் உண்டு. ஆனால் அவை முக்கியமாகச் சக்கரங்கள் தளத்தின் எந்தப் பகுதியில் போகின்றன என்று காட்டப் பொருத்தப்பட்டவை. முனைக்கும் கம்பத்துக்கும் இடையிலான இடைவெளியை அவற்றில் அளக்க முடியாது. விமானி அறையில் உள்ள நகரும் வரைபடம் ஜோகன்னஸ்பர்க் வகைத் தவறுக்கு, அதாவது வழி மாறுவதற்கு, மிக நல்ல மருந்து. இஸ்தான்புல் வகைக்கு அதனால் பயன் குறைவு. மற்ற விமானங்களை, அவை தம் இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி மூலம் காட்டினாலும் தெரிவது ஒரு புள்ளி. வால் எவ்வளவு தூரம் பின்னால் நீண்டிருக்கிறது என்பதை அதிலிருந்து பார்வையால் ஊகிக்க முடியாது. விசித்திரம் என்னவென்றால், தரையில் இருக்கும் விமானம் தன் நீள, அகல வகையையும் அந்தச் செய்தியோடு சேர்த்தே ஒலிபரப்புகிறது. தகவல் காற்றில் இருக்கிறது, திரையில் இல்லை.

போயிங் 777எக்ஸ் வேறு வழியில் போகிறது. விரித்தால் 71.8 மீட்டராக இருக்கும் இறக்கையின் இரு முனைகளையும் மடித்து 64.8 மீட்டராக்கி, இ பிரிவுக்குள்ளேயே நுழைந்துகொள்கிறது. நிலையங்கள் தங்கள் கோடுகளை மாற்ற வேண்டியதில்லை. மடித்திருக்கிறதா இல்லையா என்பது மட்டும் இனிமேல் டாக்ஸியின்போது சரிபார்க்க வேண்டிய புதிய உருப்படி.

மோதிய பிறகு

இயல்பாக வரும் தூண்டுதல், கொஞ்சம் பின்னால் போய் விடுவிப்பது. செய்யக் கூடாதது அதுவே. பார்க்கிங் பிரேக் போட வேண்டும், தீயணைப்புப் பிரிவை அழைக்க வேண்டும், எஞ்சின்களை நிறுத்த வேண்டும். இறக்கைக்குள் எரிபொருள் இருக்கிறது. பல விமானங்களில் முனையை ஒட்டிய கடைசி அறை காற்றோட்டத்துக்கானது, பொதுவாகக் காலியாக இருக்கும் என்பதால் முனை மட்டும் முறிந்த சம்பவங்களில் எரிபொருள் கொட்டாமல் தப்புகிறார்கள். இன்னும் சில மீட்டர் உள்ளே வெட்டினால் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. சிக்கிக்கொண்ட இறக்கையை இழுத்தால் வெட்டு எங்கே வரை நீளும் என்று யாருக்கும் தெரியாது. விமானி அறையின் குரல்பதிவு அழிந்துபோகாமல் அந்தக் கருவியின் மின்சாரத்தைத் துண்டிப்பதும் இந்த நேரத்தில் நினைவில் இருக்க வேண்டிய வேலை.

சேதத்தை மதிப்பிடுவதில் புதிய விமானங்கள் பழையவற்றைவிடக் கடினமானவை. அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். 787, ஏ350 போன்றவற்றின் கார்பன் இழைக் கூட்டுப்பொருள் மேலே ஒரு கீறலோடு பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டு, உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கலாம். மீயொலிக் கருவியால் சோதித்தால்தான் வெளிப்படும். "லேசாகத் தொட்டது, பெயின்ட்தான் போயிருக்கிறது" என்று சொல்லிப் புறப்பட அனுமதிப்பது இங்கே செல்லாது. ரப்பர் முனை வைத்த வண்டிகள் அழுத்தும்போது மேல்தோலில் தடயமே விடாமல் போவதும் உண்டு.

கடைசியாக, எண்ணிக்கை பற்றிய ஒரு வேடிக்கை. ஐகாவோவின் 13-ஆம் இணைப்பு எதை "விபத்து" என்று சொல்லலாம் என வரையறுக்கிறது. யாருக்கும் கடுமையான காயம் இல்லாமல், சேதம் இறக்கை முனையோடு நின்றுவிட்டால் அது அந்த வரையறைக்குள் வராது. வால் முறிந்தால் வரும். ஆக, ஒரே மோதலில் நின்றிருந்த விமானத்துக்கு நேர்ந்தது விபத்து. மோதிய விமானத்தின் சேதம் மட்டும் தனியாக இருந்திருந்தால் அது விபத்தே அல்ல. கம்பத்திலோ சுவரிலோ முனையை மட்டும் உடைத்துக்கொண்ட எத்தனையோ சம்பவங்கள் இப்படித்தான் உலகளாவிய விபத்துப் பட்டியல்களுக்கு வெளியே, பராமரிப்புக் கணக்கில் ஒரு வரியாக முடிந்துபோகின்றன.